சீம்பாலின் நிறம்

"பாலைக் காய்ச்சலாம், உறை ஊத்தலாம், டீ போடலாம், விக்கலாம். அதுக்கு மேல அதுல படிக்கறதுக்கு என்னங்க அம்மிணி இருக்குது?"

எங்கள் தேயிலைத் தோட்டத்து கேட்டில் காலையும் மாலையும் பால் வாங்கும் சொசைட்டிக்காரர் கேட்டது இது. கேட்கும்போது அவர் கண் என் மேல் இல்லை. யாரோ கொண்டு வந்த பாலுக்குள் லாக்டோமீட்டரை மிதக்க விட்டு, அது எங்கே நிற்கிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். எம்.எஸ்சி. கடைசிப் பருவத்தில் பாலைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்று அம்மா வரிசையில் நின்றவர்களிடம் சொல்லிவிட்டிருந்தாள்.

"என்ன இருக்குதுன்னு பாக்கத்தான் அண்ணா படிக்கறேன்" என்றேன்.

"பாத்துட்டு வந்து சொல்லுங்க. தண்ணி எவ்வளவு இருக்குதுன்னு அதுக்கு முன்னால நானே சொல்லிப்போடுவேன்."

வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்தவள் நான் ஒருத்திதான். அப்பா தன் பெயரை எழுதுவார். வேறு எதையும் எழுத மாட்டார். அம்மா கொழுந்து பறிக்கிறாள், அப்பா ஃபேக்டரியில் இலை வாட்டும் இடத்தில் நிற்கிறார். அவர்களைப் பெற்றவர்கள் இலங்கையிலிருந்து கப்பலில் வந்து, குன்னூரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் இந்தத் தோட்டத்தில் இறங்கியவர்கள். ஊர் மாறியது, வேலை மாறவில்லை. நாங்கள் லைன் வீடு என்று சொல்வதை அம்மா இன்னும் லயம் என்றுதான் சொல்வாள். இப்படிப்பட்ட வீட்டிலிருந்து கிளம்பிப் போய் ஒரு பெண் நுண்ணுயிரியல் படிக்கிறாள் என்றால், அதை மெல்லிய குரலில் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. யாராவது கேட்டால் நிமிர்ந்து நின்றுதான் சொல்வேன்.

நான் எடுத்துக்கொண்ட பொருள் லாக்டோஃபெரின் என்ற பால் புரதம். வகுப்பில் அதைப் பற்றிப் பேராசிரியை சொன்ன அன்றே அது என்னைப் பிடித்துக்கொண்டது. மற்ற உயிர்களைப் போலப் பாக்டீரியாவும் இரும்பு இல்லாமல் பெருக முடியாது. இந்தப் புரதம் தன்னைச் சுற்றியிருக்கும் இரும்பை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்; கிருமிக்குக் கொடுக்காது. கிருமி பட்டினி கிடக்கும். சாதாரணப் பாலில் கொஞ்சமாக இருக்கும் இது, கன்று போட்டதும் முதலில் கறக்கும் சீம்பாலில் பல மடங்கு இருக்கும். பிறந்த கன்றுக்குத் தாய் கட்டிக் கொடுக்கும் முதல் காவல் என்று அவர் சொன்னார்.

சீம்பால் எங்களுக்குப் புதிதா என்ன? லைனில் எந்த வீட்டு மாடு கன்று போட்டாலும், கன்று வயிறு நிறையக் குடித்த பிறகு மிச்சம் இருப்பதில் வெல்லமும் ஏலக்காயும் போட்டு ஆவியில் வேக வைப்பார்கள். அது கட்டியாகி, துண்டு துண்டாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கிண்ணமாகப் போகும். அதை யாரும் விற்பதில்லை. சொசைட்டியிலும் எடுக்க மாட்டார்கள், காய்ச்சினால் திரிந்துவிடும். கூடப் படித்தவர்கள் மண்ணிலும் கைப்பேசித் திரையிலும் கிருமி தேடிக்கொண்டிருந்தபோது, நான் பேராசிரியையிடம் போய், "மேம், சீம்பால் எங்க வீட்லயே கிடைக்கும். நானே பிரிச்செடுத்துப் பாக்கறேன்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். கோயம்புத்தூரில் நான் படிக்கும் கல்லூரியில் அவருடைய லேபில் இடம் கிடைப்பது எளிதல்ல. "பிரிக்கறது ஒரு வாரத்துல வர்ற வேலை இல்லம்மா. தப்பாப் போனா நேரம் போயிடும்" என்றார்.

"போகாது மேம்."

"சரி, செய். ஆனா வரலைன்னா நான் சொல்றதைக் கேக்கணும்."

கேட்பேன் என்று தலையாட்டினேன். கேட்க வேண்டி வரும் என்று அப்போது நினைக்கவில்லை.

எங்கள் மாடு மார்கழியில் கன்று போட்டது. நான் எதிர்பார்த்த நாளுக்கு முன்னாலேயே போட்டுவிட்டதால், வார விடுமுறைக்கு வந்திருந்த என் கையில் லேப் பாட்டில் எதுவும் இல்லை. "தூக்குவாளி இருக்கு, அப்புறம் என்ன" என்றாள் அம்மா. புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடந்த காலை அது. கன்று குடித்து முடித்ததும் அம்மா கறந்து, வாளியை உள்ளே எடுத்துப் போய், மூடியை அழுத்தி மூடி, துணி சுற்றிக் கொண்டு வந்து கொடுத்தாள்.

"வேக வெச்சுத் தரவா?"

"ஐயோ, வேண்டாம்மா. சூடு பட்டா அந்தப் புரதமே போயிடும்."

"பச்சைச் சீம்பாலைப் போயி யாராச்சும் வெளிய குடுப்பாங்களா? என்னமோ செய்யி."

குன்னூர் மார்க்கெட்டில் மீன் கடைக்காரரிடம் ஐஸ் கேட்டேன். மீன் வாடை இல்லாத ஐஸாக அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதைப் பையில் கொட்டி நடுவில் வாளியை இறக்கினேன். மேட்டுப்பாளையம் பஸ்ஸில் கண்டக்டர் பையைத் தொட்டுப் பார்த்து, "என்னங்க இது, இவ்வளவு குளுருது?" என்றார்.

"சீம்பாலுங்க."

"சீம்பாலா? யாரு ஊட்டுக்குங்க கொண்டு போறீங்க?"

"கிருமிக்குங்க."

அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். மலை இறங்கும் வரை என்னை இரண்டொரு தடவை திரும்பிப் பார்த்தார்.

லேபில் அன்றிரவு வாளியை அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்தேன். மறுநாள் காலை மேலாக இருந்ததை மொண்டு எடுத்து வேலையை ஆரம்பித்தேன். மீதியை வாளியிலேயே மூடி வைத்துவிட்டேன், திரும்பச் செய்ய வேண்டி வந்தால் உதவும் என்று. வேகமாகச் சுழற்றிக் கொழுப்பை எடுப்பது, அமிலம் சேர்த்துத் தயிர் போலத் திரளும் பகுதியை ஒதுக்குவது, மிஞ்சிய தெளிந்த நீரை ஒரு கண்ணாடிக் குழலுக்குள் அடைத்த பிசின் மணிகளின் வழியாக மெல்ல இறக்குவது என்று வேலை போனது. லாக்டோஃபெரின் அந்த மணிகளில் ஒட்டிக்கொள்ளும். மற்றவை வழிந்து போய்விடும். கடைசியில் உப்புக் கரைசலை விட்டால் ஒட்டியது விடுபட்டு இறங்கும்.

அது இறங்கிய நேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆய்வுக் கட்டுரைகளில் இந்தப் புரதத்தின் நிறத்தை இளஞ்சிவப்பு என்று எழுதியிருப்பார்கள். என் குழாயில் வந்தது பீட்ரூட் அரிந்த கையைக் கழுவினால் வரும் தண்ணீரைப் போலச் சிவந்திருந்தது. பக்கத்து மேசையில் வேலை செய்த தோழி வந்து பார்த்து, "என்னடி, இவ்வளவு அழகா வந்திருக்கு" என்றாள். பேராசிரியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "நிறையத்தான் வந்திருக்கு போல" என்றார். குழாயைக் கைப்பேசியில் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். அவர் படிக்கத் தேவையில்லாத செய்தி அது.

உப்பைப் போக்கிவிட்டுச் சோதனைக்கு வந்தேன். கிருமி வளரும் கரைசல் உள்ள சிறிய குழாய்களில் என் புரதத்தை வெவ்வேறு அளவில் சேர்த்து, ஒவ்வொன்றிலும் ஒரு துளி கிருமியை விட்டு, வெதுவெதுப்பான பெட்டிக்குள் வைக்க வேண்டும். மறுநாள் குழாய் தெளிவாக இருந்தால் கிருமி வளரவில்லை. கலங்கியிருந்தால் வளர்ந்துவிட்டது. இதைப் பார்ப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், கண் போதும்.

எல்லாக் குழாய்களும் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி கலங்கி நின்றன. புரதமே சேர்க்காத குழாயைவிட அதிகமாகச் சேர்த்த குழாய் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கலங்கியிருந்தது.

திரும்பச் செய்தேன். அப்படியேதான் வந்தது. கிருமியைப் புதிதாக வளர்த்து எடுத்துச் செய்தேன். அப்போதும் கலங்கியது.

"உங்க மாட்டுக்குக் கிருமின்னா ரொம்பப் பாசம் போல" என்றாள் தோழி. "சத்து மாவு கரைச்சுக் குடுத்த மாதிரி வளருது."

மற்ற பெண்கள் சிரித்தார்கள். அவள் கெட்டவள் இல்லை, அதற்குப் பிறகு எனக்கு டீயும் வாங்கிக் கொடுத்தாள்.

பேராசிரியை என்னை அறைக்கு அழைத்து உட்காரச் சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். "வீட்டு மாடு, வீட்டுப் பாத்திரம், பஸ்ல வர்ற பால். எங்க தப்புன்னு தேட முடியாதும்மா. லேப் வேலையை இத்தோட நிறுத்திக்க. இந்தப் புரதத்தைப் பத்தி உலகத்துல என்னென்ன ஆராய்ச்சி நடக்குது, எந்தப் பக்கமாப் போகுதுன்னு படிச்சு நல்லா ஒரு ரிவ்யூ எழுது. பாஸ் ஆயிடலாம்."

பாஸ் ஆவது எனக்கு எப்போதும் கஷ்டமாக இருந்ததில்லை. எனக்கு வேண்டியது வேறு. எங்கேயோ யாரோ செய்து பார்த்ததைத் தொகுத்து எழுதுகிறவளாக அல்ல, கையால் செய்து கண்ணால் கண்டதை எழுதுகிறவளாக அந்தப் படிப்பை முடிக்க வேண்டும். சோதனை செய்யத் தெரிந்தவளுக்குத்தான் இதற்குப் பிறகும் லேபில் ஒரு மேசை கிடைக்கும். ரிவ்யூ எழுதினால் சான்றிதழோடு மலைக்குத் திரும்ப வேண்டியதுதான். கேட்டில் லாக்டோமீட்டரோடு ஒருவர் நிற்பார்.

ஆனாலும் கேட்பேன் என்று சொல்லியிருந்தேன். அதனால் படிக்க உட்கார்ந்தேன்.

படிக்கப் படிக்கக் கோபம் குறைந்தது. இந்த ஒரு புரதத்தைச் சுற்றி எத்தனை பேர் எத்தனை நாடுகளில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வியப்பாக இருந்தது. ஆரம்பத்தில் எல்லோரும் இரும்பைப் பற்றித்தான் பேசினார்கள்: இது இரும்பைப் பிடிக்கிறது, கிருமி பட்டினி கிடக்கிறது, அவ்வளவுதான். பிறகு, சில கிருமிகளின் மேல்தோலிலேயே இது போய் ஒட்டி அதைக் கிழிக்கிறது என்று கண்டார்கள். வயிற்றில் செரிக்கும்போது இது துண்டாகி, அந்தத் துண்டு முழுப் புரதத்தைவிட வலுவாகக் கிருமியைத் தாக்குகிறது என்பது அடுத்து வந்தது. இப்போது வரும் கட்டுரைகளில் கவலை வேறாக இருக்கிறது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகிவிட்டன. அவை ஒன்றோடொன்று ஒட்டிப் பாசி மாதிரிப் படலம் கட்டிக்கொண்டால் மருந்து உள்ளே போவதில்லை. பழைய மருந்தோடு இந்தப் புரதத்தையும் சேர்த்துக் கொடுத்தால் படலம் தளருமா, குறைந்த மருந்து போதுமா என்று பார்க்கிறார்கள். வயிற்றில் கரையாமல் போய்ச் சேர இதை நுண்ணிய உறைக்குள் அடைத்துப் பார்க்கிறார்கள். குழாயில் அருமையாக வேலை செய்தது உடம்புக்குள் அதே போலச் செய்வதில்லை என்று பலரும் ஒப்புக்கொண்டு எழுதியிருந்தார்கள். அந்த ஒப்புதல் எனக்கு ஆறுதலாக இருந்தது.

அப்படிப் படிக்கும்போதுதான், ஒரு கட்டுரையில் யாரும் நின்று பார்க்காத ஓர் இடத்தில் ஒரு வரி வந்தது. இரும்பு இல்லாத லாக்டோஃபெரினுக்கு ஏறக்குறைய நிறமே கிடையாது. இரும்பை ஏற்றுக்கொள்ள ஏற்றுக்கொள்ளச் சிவக்கும். முழுக்க நிறைந்துவிட்டால் அதன் பட்டினி போடும் வேலை நின்றுவிடும்.

கைப்பேசியை எடுத்து அப்பாவுக்கு அனுப்பிய படத்தைப் பார்த்தேன். நானும் தோழியும் பேராசிரியையும் பாராட்டிய அந்தச் சிவப்பைப் பார்த்தேன். என் புரதம் லேபுக்கு வரும்போதே வயிறு நிறைய இரும்பைத் தின்றுவிட்டு வந்திருக்கிறது. எங்கே தின்றது?

லேபுக்குப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்து வாளியை எடுத்தேன். எவர்சில்வர் வாளி அது, அதிலிருந்து இவ்வளவு இரும்பு வராது. மிச்சம் இருந்த சீம்பால் புளித்துக் கெட்டியாகிவிட்டிருந்தது. தொட்டியில் கவிழ்த்தேன். கடைசியாக 'டக்' என்று ஒன்று விழுந்தது.

கவ்வாத்துக் கத்தியின் உடைந்த நுனி. தேயிலைச் செடியை வெட்டிக் குட்டையாக்கும்போது எப்போதோ ஒடிந்தது. எங்கள் வீட்டுச் சாமி மாடத்தில் மஞ்சளும் குங்குமமும் வைத்துக் கிடக்கும் துண்டு. அதைச் சுற்றிலும் துரு பழுப்பாகக் கரைந்திருந்தது.

அங்கேயே நின்று அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அம்மா, தூக்குவாளிக்குள்ள கத்தி நுனி கெடக்குது."

"ஆமா, நாந்தான் போட்டேன். பத்தரமா எடுத்து வையி. கொண்டாந்துரு."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொல்றதுக்கு என்ன இருக்கு? சோத்துல உப்புப் போட்டேன்னு ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கிட்டா இருப்பாங்க? மொதச் சீம்பாலு மலை எறங்கிப் போவுது. எத்தன பஸ்ஸு, எத்தன பேரு கண்ணு. இரும்பு போடாம வெறுமனே அனுப்பி, மாட்டுக்கு மடி வத்திப் போச்சுன்னா யாரு பாக்குறது?"

"அது துருப்பிடிச்ச இரும்பும்மா."

"துருவா? புளி போட்டுத் தேச்சு வெள்ளிக்காசு மாதிரி ஆக்கித்தானே போட்டேன். நீ கிருமி கிருமின்னு சொல்லுவியேன்னு சுடுதண்ணியில வேற கழுவுனேன்."

புளியில் தேய்த்துத் துரு நீக்கிய, எளிதில் கரையும் பச்சை இரும்பு. பால் வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து ஃப்ரிட்ஜில் ஓர் இரவு வரை அதற்குள்ளேயே கிடந்திருக்கிறது. இதைவிட நன்றாக ஒருவர் திட்டம் போட்டு என் சோதனையைக் கெடுத்திருக்க முடியாது.

"அம்மா, அந்தப் புரதம் இரும்பைப் புடிச்சுக்கும். அதைப் புடிச்சு வெச்சுக்கிட்டுக் கிருமிக்குக் குடுக்காம இருக்கறதுதான் அதோட வேலை. நீ போட்ட இரும்புல அதோட கையி ரெண்டும் ரொம்பிப் போச்சு. மிச்ச இரும்பைக் கிருமி தின்னுருச்சு."



"அப்ப இரும்பு வேல செஞ்சிருக்குன்னு சொல்லு" என்றாள் அம்மா. "மாடு நல்லாத்தான் கறக்குது."

தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கோபமும் இருந்தது. சிரிப்பு முந்திக்கொண்டது.

பேராசிரியையிடம் இதைச் சொல்ல வேண்டும். சொன்னால் லேபில் எல்லோருக்கும் தெரியும். கண்ணேறுக்கு இரும்பு போடும் வீட்டிலிருந்து வந்தவள் என்று சிரிப்பார்கள். 'பாத்திரத்தில் இரும்பு கலந்துவிட்டது' என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளலாமா என்று யோசித்தேன். அப்புறம் தோன்றியது: என் அம்மாவை மறைத்துவிட்டு நான் எதை நிமிர்ந்து சொல்லப் போகிறேன்? கத்தி நுனியைக் கழுவித் துடைத்து ஒரு தாளில் வைத்து அவர் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். முழுக்கச் சொன்னேன்.

"கவ்வாத்துன்னா என்ன?" என்றுதான் முதலில் கேட்டார். சொன்னேன். துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் உதட்டோரம் சிரிப்பு வந்து போனது. ஆனால் குரலில் அது இல்லை.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது ஊகம். ஊகத்தை யார் வேணா சொல்லலாம்மா. இரும்புதான் காரணம்னா எனக்குக் காட்டு. வேற சீம்பால், இரும்பு படாத சீம்பால் கொண்டு வா. பங்குனி முடியறதுக்குள்ள குழாயைக் காட்டினா ப்ராஜெக்ட் உன்னோடது. இல்லைன்னா ரிவ்யூதான். அதை எழுதறதையும் நிறுத்தாதே."

சீம்பால் நினைத்தபோது கிடைக்கிற பொருள் அல்ல. எங்கள் மாடு இனி அடுத்த ஈற்றுக்குத்தான். லைனில் சினையாக இருந்த மாடு வேறு எதுவும் இல்லை. எந்த வீட்டு மாடு எப்போது கன்று போடும் என்று சுற்று வட்டாரத்தில் தெரிந்தவர் ஒருவர்தான். ஊருக்குப் போன அன்று மாலையே கேட்டுக்குப் போய் வரிசையின் கடைசியில் நின்றேன்.

"ஏனுங்க அம்மிணி, பாலுக்குள்ள என்ன இருக்குதுன்னு பாத்தாச்சுங்களா?"

"பாத்தேங்க அண்ணா. இரும்பு இருந்துச்சுங்க."

"இரும்பா? தண்ணி கலந்து பாத்திருக்கறேன், மாவு கலந்து பாத்திருக்கறேன். இரும்பு கலக்கறவங்க யாருங்க?"

"எங்கம்மா."

வரிசையிலேயே நின்றிருந்த அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் லாக்டோமீட்டரைத் துடைத்துக்கொண்டே கடைசி வரை கேட்டார். சிரிக்கவில்லை. "இரும்பு போடறது தப்புன்னு நான் சொல்ல மாட்டனுங்க, எங்கூட்லயும் போடறதுதான்" என்றார். பிறகு, "எம்பட மாடே மாசக் கடைசியில போடுமுங்க. கன்னுக்குப் போக இருந்தா எடுத்துக்கோங்க. வீட்டுப் போசி கொண்டாராதீங்க, உங்க லேப் சாமான்லயே புடிச்சுக்கோங்க" என்றார்.

லேபிலிருந்து கொதிநீராவியில் சுத்தம் செய்த கண்ணாடி பாட்டில்களைக் கொண்டு வந்து வைத்துக்கொண்டேன். அதோடு தீரவில்லை. அம்மா இன்னொரு சண்டையை ஆரம்பித்தாள்.

"நம்ம மாடுன்னாலும் பரவால்ல. அடுத்தவங்க மாட்டுப் பாலு. வெறுமனே எடுத்துட்டுப் போயி அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, பழி நம்ம தலையில."

"உள்ள இரும்பு பட்டுச்சுன்னா என் படிப்பு போச்சும்மா."

"போடாம அனுப்ப மாட்டேன்."

"உள்ளதான் போடணும்னு எங்கயாச்சும் எழுதியிருக்கா?"

அம்மா யோசித்தாள். "எங்கயும் எழுதலை. எழுதியிருந்தா நீதானே படிச்சுச் சொல்லியிருக்கணும்."

கடைசியில் கத்தி நுனியைத் துணியில் முடிந்து, பாட்டில் இருக்கும் பையின் கைப்பிடியில் மஞ்சள் நூலால் கட்டினாள். கண் படுவது வெளியிலிருந்துதானே, காவலும் வெளியிலேயே இருக்கட்டும் என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். எனக்கும் அது போதுமானதாக இருந்தது. மாடு கன்று போட்ட காலையில் சொசைட்டிக்காரர் நேராகப் பாட்டிலுக்குள்ளேயே பீய்ச்சினார். மீன் கடை ஐஸ், மேட்டுப்பாளையம் பஸ், அதே பாதை. இந்தத் தடவை ஃப்ரிட்ஜில் எதையும் விட்டு வைக்கவில்லை. போன கையோடு வேலையை ஆரம்பித்தேன்.

கண்ணாடிக் குழலிலிருந்து இறங்கியதைப் பார்த்தபோது தோழி, "என்னடி, சாயம் போச்சு" என்றாள். ஆமாம், வெளிறிப் போய், மிக லேசாக ரோஜா நிறம் காட்டியது. எனக்கு வேண்டியது அந்த வெளிறல்தான்.

அதை இரண்டாகப் பிரித்தேன். ஒரு பாதியை அப்படியே விட்டேன். இன்னொரு பாதியில் இரும்பு உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். என் கண் முன்னால், பழைய பீட்ரூட் நிறம் மெல்ல ஏறி வந்தது. பேராசிரியையைக் கூப்பிடலாம் என்று நினைத்தேன், கூப்பிடவில்லை. நிறத்தைப் பார்த்து ஒருமுறை எல்லோரும் ஏமாந்தாயிற்று. புரதம் பிடிக்காமல் மிஞ்சிய இரும்பைப் போக்கி, இரண்டையும் குழாய்களில் சேர்த்து, கிருமியை விட்டு வைத்தேன்.

மறுநாள் வெளிறிய பாதி சேர்த்த குழாய்கள் தெளிவாக நின்றன. குழாய்க்குப் பின்னால் செய்தித்தாளை வைத்தால் எழுத்துப் படிக்க முடிந்தது. சிவந்த பாதியைச் சேர்த்தவை கலங்கியிருந்தன. ஒரே மாடு, ஒரே பால். நடுவில் இருந்தது இரும்பு மட்டும்தான்.

பேராசிரியை உடனே ஒப்புக்கொள்ளவில்லை. திரும்பச் செய்யச் சொன்னார். செய்தேன். எந்தக் குழாயில் எது என்று எனக்குத் தெரியாதபடி தோழியைக் குறி போடச் சொல்லி இன்னொரு தடவை செய்ய வைத்தார். அதிலும் அப்படியே வந்தது. அப்போதுதான் உட்காரச் சொன்னார்.

"இதுல புதுசா ஒண்ணும் இல்லைன்னு உனக்குத் தெரியும்தானே? புத்தகத்துல இருக்கறதுதான்."

"தெரியும் மேம்."

"ஆனா நீ புத்தகத்தைப் பார்த்துச் செய்யலை. தப்பாப் போனதுக்குக் காரணம் தேடிப் போய் இங்க வந்திருக்கே. ப்ராஜெக்ட் உன்னோடது. எழுதின ரிவ்யூவை முதல் அத்தியாயமா வெச்சுக்க." பிறகு, "கத்தி நுனியையும் எழுது. மறைக்காதே" என்றார்.

எழுதினேன். ஆய்வேட்டில் முதல் மாதிரி ஏன் தோற்றது என்ற பகுதியில், வழக்கப்படி பாலுக்குள் இடப்பட்ட இரும்புத் துண்டு என்று இருக்கிறது. வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அந்தப் பக்கத்தில்தான் அதிக நேரம் நின்றார். என்னிடம் அதைப் பற்றியே கேட்டார். என் அம்மா செய்தது என்று நிமிர்ந்துதான் சொன்னேன்.

கோடையிலும் லேபில் வேலை செய்ய எனக்கு அனுமதி கிடைத்தது. அந்த மேசை இப்போதைக்கு என்னுடையது. ஆனால் இதுவரை நான் பயன்படுத்தியது லேபில் வளர்க்கும் சாதுவான கிருமி. கட்டுரைகளில் எல்லோரும் கவலைப்படுவது உயிருள்ள உடம்பிலிருந்து வரும் கிருமியைப் பற்றி.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். கேட்டில் சொசைட்டிக்காரர் முகம் சரியாக இல்லை. சீம்பால் கொடுத்த அதே மாட்டுக்கு ஒரு காம்பு வீங்கி, பால் திப்பி திப்பியாக வருகிறது என்றார். மடி நோய்.

"உங்க புரதம் இதுக்குக் கேக்குங்களா அம்மிணி?"

"கேக்குமான்னு தெரியாதுங்க அண்ணா. மாட்டு டாக்டரைக் கூப்பிடுங்க, தாமதம் பண்ணாதீங்க. அவர் ஊசி போடறதுக்கு முன்னால, அந்தக் காம்புல இருந்து கொஞ்சம் பால் எனக்கு வேணும்."

"கெட்ட பாலுங்களா வேணும்?"

"ஆமாங்க. அதுக்குள்ள என்ன இருக்குதுன்னு பாக்கணும்."

அவர் என்னைப் பார்த்தார். முதல் தடவை கேட்டபோது பார்க்காத பார்வை அது. டாக்டர் வந்து சேரும் முன்பு, காம்பை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டு, அவர் பிடித்துக் கொடுக்க, சிறிய கண்ணாடிக் குப்பியில் எடுத்துக்கொண்டேன். பையில் வைக்கும்போது அம்மாவிடம் நானாகவே கேட்டேன், "இரும்பு கட்டலையா?"

"சீழ்ப்பாலுக்கு எவன் கண்ணு வெக்கப் போறான்" என்றாள் அம்மா. "சும்மா எடுத்துட்டுப் போ."

டாக்டர் போட்ட ஊசியில் மாடு தேறி வருகிறது என்று நேற்று அப்பா சொன்னார். அதில் என் பங்கு எதுவும் இல்லை. குப்பியில் வந்த பாலை அன்றே தட்டில் கோடு கோடாக இழுத்து வளர்த்தேன். வெள்ளைப் புள்ளிகளாக ஒரே இனம் முளைத்தது. அதைத் தனியாகப் பிரித்து எடுத்து, இன்று மதியம் குழாய்களில் விட்டிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் அந்த மாட்டின் சீம்பாலிலிருந்து எடுத்து உறைய வைத்திருந்த வெளிறிய புரதம் இருக்கிறது. வெதுவெதுப்பான பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தியாயிற்று. தெளிந்து நிற்குமா, கலங்குமா என்பது நாளைக்குத்தான் தெரியும்.